ஞாயிற்றுக்கிழமைப் படங்களில் சாகிறவர்கள்

சனிக்கிழமை கரையேறிய வள்ளம் திங்கட்கிழமைதான் மீண்டும் கடலில் இறங்கும். மன்னார்த் தீவிலுள்ள எங்கள் பேசாலையில் இது சட்டமாக எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. யாரும் மீறுவதும் இல்லை. ஞாயிறு காலை பூசை. மத்தியானம் கணவாயோ நண்டோ வைத்து வயிறு நிறையச் சாப்பாடு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு முன்னறையில் ஓர் உளவுப் படம். முதல் இரண்டும் ஊர் வழக்கம். மூன்றாவது என் கணவரின் வழக்கம்.

அவர் கடலுக்குப் போகிறவர். நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படிப்பதால் வீட்டில் நாங்கள் இருவர்தான். கிழமைக்கு ஒருமுறை சந்தியிலுள்ள தொலைபேசிக் கடைக்குப் போய் பென்ட்ரைவில் படம் ஏற்றிக்கொண்டு வருவார். காதல் படம் வேண்டாம், பேய்ப் படமும் வேண்டாம், குடும்பப் படம் என்றால் கதிரையிலேயே நித்திரையாகிவிடுவார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் விமானத்திலிருந்து குதிக்க வேண்டும். ஒரு பெரிய அரசாங்கக் கந்தோரின் சுவர் முழுக்க உலகப் படம் தெரிய வேண்டும். அதில் ஒரு சிவப்புப் புள்ளி மினுங்க வேண்டும். அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. இந்தப் படங்களில் கதாநாயகன் எப்படியும் ஒரு சந்தைக்குள் புகுந்தே தீருவான். மோட்டார்சைக்கிளில் புகுந்து மரக்கறிக் கடையை உடைத்து, மீன் தட்டுகளைக் கவிழ்த்துவிட்டு அடுத்த தெருவால் போய்விடுவான். என் அம்மா மன்னார்ச் சந்தையில் பல வருடங்கள் மீன் விற்றவர். ஒரு தட்டு மீன் மண்ணில் விழுந்தால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். கமரா ஒரு தரமாவது திரும்பி அந்த மீன்காரியைப் பார்த்திருக்கிறதா என்று கேட்பேன். கணவர் சிரிப்பார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் பூட்டு, ரீச்சர் கொஞ்சம் பேசாமல் இருக்க வேண்டும் என்பார்.

நான் பேசாமல் இருந்ததில்லை. எங்களைப் போன்றவர்களின் நாடு வந்தால் படம் முழுக்க மஞ்சளாகிவிடுவதைச் சொல்வேன், வெயிலுக்கே வேறு நிறம் கொடுக்கிறார்கள் என்று. வள்ளத்திலிருந்து பத்துப் பேர் சுடுபட்டு விழுவார்கள், ஒருவனுக்கும் தாய் இருக்காது. அவர்களைச் சுடுபவனுக்கு மட்டும் செத்துப்போன ஒரு மனைவி இருப்பாள், அவளுடைய படம் அவன் சட்டைப்பையில் இருக்கும். அவன் யாருடைய கதவையும் தட்டிவிட்டு உள்ளே போவதில்லை. கடைசியில் அவனுடைய அரசாங்கத்துக்குள்ளேயே ஒரு கெட்டவன் இருப்பான், அவன் ஒருவன் செத்ததும் அரசாங்கம் முழுவதும் சுத்தமாகிவிடும். இதெல்லாம் அரசியல் என்பேன் நான். இல்லை, இதெல்லாம் சண்டை என்பார் அவர்.

இந்த வாக்குவாதத்துக்கு மூன்றாவது ஒருவர் சாட்சி. மீன் வியாபாரி, கொண்டச்சி ஊர்க்காரர், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நாங்கள் இருவரும் நானா என்று கூப்பிடுகிறவர். கிழமை நாட்களில் லொறியில் ஐஸ் பெட்டிகளோடு கரைக்கு வந்து எங்கள் மீனை எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை எருக்கலம்பிட்டியில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கத் தீவுக்குள் வருவார். மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அப்படியே மோட்டார்சைக்கிளைப் பேசாலைக்குத் திருப்பிவிடுவார். பின் விறாந்தைக் கதவுக்குப் பக்கத்திலுள்ள பிரம்புக் கதிரை அவருடையது. வேறு யாரும் அதில் இருந்தால் என் கணவர் எழுப்பிவிடுவார்.

நானா இளந்தாரியாக இருந்தபோது வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். சொன்னவர்கள் எங்கள் மொழி பேசிய இயக்கக்காரர். புத்தளம் பக்கத்தில் ஓலைக் கொட்டிலில் வாழ்ந்து, கலியாணம் முடித்து, பிள்ளைகள் பெற்று, பாதி வயது போனபிறகு கொண்டச்சிக்குத் திரும்பி வந்தவர். அதைப்பற்றி எங்கள் வீட்டில் அவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. புத்தளத்து இறாலைவிட எங்கள் இறால் நல்லது என்று மட்டும் சொல்வார்.

கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் சில கிழமைகள் எங்கள் பக்கம் வரவில்லை. குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்பதால் எங்கள் ஊரில் சிலர் அவருடைய லொறிக்கு மீன் போடுவதை நிறுத்தியிருந்தார்கள். அப்போது ஒரு ஞாயிறு என் கணவர் பூசை முடிந்த கையோடு கொண்டச்சிக்குப் போய், நானாவைத் தன் மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். வழியில் சோதனைச் சாவடி வந்தபோது நானா தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாராம். எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் கணவர் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, தொப்பியைப் போடுங்கோ நானா என்று சொல்லி, அவர் போட்ட பிறகுதான் ஊருக்குள் கொண்டுவந்திருக்கிறார். அந்த நாளில் என் மனுசனைப் பற்றி எனக்கு இருந்த பெருமையை அளவிட முடியாது.

அன்றும் ஒரு படம் பார்த்தோம். நானா படம் பார்க்கும்போது அதிகம் பேசமாட்டார். இடையிடையே எழும்பி, பின் விறாந்தையிலிருக்கும் மண்பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு ஆறுதலாக வருவார். அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது. தாகம் கூடத்தான் இருக்கும் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பானையை நிரப்பி வைப்பேன்.

என் கணவர் ஏன் இந்தப் படங்களில் இப்படி விழுந்து கிடக்கிறார் என்பது எனக்கு நெடுநாள் விளங்காத விடயம். ஏனென்றால் அவருடைய வாழ்க்கையைப் பாதி தின்றது ஓர் உளவாளிதான். பத்தொன்பது வயதில் ஒரு சுற்றிவளைப்பு. ஆமிக்காரர் ஆம்பிளைகளை எல்லாம் மைதானத்துக்குக் கூப்பிட்டு வெயிலில் இருத்தி, ஒவ்வொருவராக ஒரு ஜீப்புக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். ஜீப்பில் ஒருவன், தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. நாங்கள் அவர்களைத் தலையாட்டி என்போம். பேசமாட்டார்கள், பேசினால் குரல் தெரிந்துவிடும். என் கணவர் நடந்து வந்தபோது சாக்கு மேலும் கீழுமாக ஆடியது.

இரண்டு வருடம் உள்ளே இருந்தார். குற்றம் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, வழக்கும் இல்லை. விட்டபிறகும் நெடுநாள் ஆமி முகாமுக்குப் போய்ப் போய்க் கையெழுத்து வைத்தார். சாக்குக்குள் இருந்தவன் யார் என்று இன்றைக்கும் தெரியாது. இந்த ஊர்க்காரனாகவும் இருக்கலாம், பூசையில் பக்கத்தில் நின்று அவருக்குச் சமாதானம் சொல்கிறவனாகவும் இருக்கலாம்.

இவ்வளவும் பட்டவர் உளவாளிப் படத்துக்கு விசிலடிக்கிறார். ஒருநாள் கோபத்தில் நேராகவே கேட்டேன். அவர் படத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

“படத்தில அவனுக்கு எல்லாம் தெரியும். பிழையான ஆளைப் பிடிக்கமாட்டான்.”

இந்தப் படங்களின் அரசியலைப் பற்றி நான் எவ்வளவோ பேசியிருக்கிறேன். அவர் ஒரு வசனத்தில் அதன் அடியைத் தொட்டுவிட்டார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, அதற்காகவே பார்க்கிறேன் என்று சொன்னார். அதற்குப் பிறகு சில கிழமைகள் வாயை அடக்கிக்கொண்டு படம் பார்த்தேன்.

அக்கரையான தமிழ்நாட்டிலிருந்து ஒரு படக் கூட்டம் மன்னாருக்கு வந்தது போன வருடத்துக்கு முந்திய வருடம். தலைமன்னார்ப் பக்கத்து மணல் திட்டுகள் அவர்களுக்குப் பிடித்துப்போயின. உளவுப் படம்தான். வள்ளமும் வள்ளக்காரரும் வேண்டும் என்று மன்னாரிலுள்ள ஒரு வான்காரர் மூலம் ஆள் தேடினார்கள். எங்கள் வள்ளத்தைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. என் கணவரின் முகத்தை அதைவிடப் பிடித்துவிட்டது.

நான் வேண்டாம் என்றேன். துவக்குப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்பது மற்ற ஊர்க்காரருக்கு விளையாட்டாக இருக்கலாம், நாங்கள் அல்பத்திலிருந்த படங்களை எல்லாம் எரித்துப்போட்டு உயிர் தப்பிய ஆட்கள், இருபது வருடம் கழித்து ஒரு கந்தோரில் யாரோ ஒருவன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இது யார் என்று கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. படத்தில் வரப்போகிற சின்னப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, இவ்வளவு காலம் இந்தப் பக்கமிருந்து பார்த்தேன், ஒருக்கால் அந்தப் பக்கமும் போய்ப் பார்க்கிறேனே என்றார். அந்த முகத்தைப் பார்த்து நான் விட்டுக்கொடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை படப்பிடிப்பு. பள்ளிக்கூடம் இல்லாததால் நானும் போனேன். எங்கள் வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலைச் சிலுவை ஒன்று கட்டியிருக்கும். எல்லா வள்ளத்திலும் இருக்கும். முதல் வேலையாக அதைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி என் கையில் தந்தார்கள். அந்த இடத்தில் கறுப்புக் கொடி ஒன்றைக் கட்டினார்கள், அதில் வெள்ளையில் அரபு மாதிரி எழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். வரைந்தவருக்கே தெரியாது. இது எந்த நாடு என்று உதவி இயக்குநரிடம் கேட்டேன். நல்ல மரியாதையான பிள்ளை, எனக்குக் குடை பிடிக்கவும் ஆள் வைத்திருந்தார்.

“ஏதோ ஒரு நாடுதான்க்கா. பேரெல்லாம் தேவையில்ல.”

பிறகு ஒரு பையிலிருந்து வெள்ளைத் தொப்பிகளை எடுத்து வள்ளத்திலிருந்த நாலு பேருக்கும் கொடுத்தார்கள். நாலு பேரும் கத்தோலிக்கர். என் கணவர் அணியத்துக்கு ஓடிவந்து துவக்கை உயர்த்திக் கத்த வேண்டும், உடனே கதாநாயகன் சுடுவான், அவர் கடலில் விழ வேண்டும். விழுவது அவருக்குப் பெரிய காரியமில்லை. அன்று வெளிச்சம் பார்ப்பதற்காக என்று சொல்லி மூன்று நாலு தரம் ஓடி விழவைத்தார்கள். ஏதாவது கத்துங்கள் என்றார்கள், அவரும் ஏதோ கத்தினார். நிழலில் இருந்து பார்த்த எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. கையிலிருந்த ஓலைச் சிலுவையால் விசிறிக்கொண்டு நானும் சிரித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

அந்தக் காட்சியை உண்மையாக எடுப்பது ஞாயிறு என்று திட்டம் போட்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் ஞாயிறு கடலில் இறங்கமாட்டோம், நடிப்புக்கும் இறங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். உதவி இயக்குநர் தலையிலடித்துக்கொண்டு திங்களுக்கு மாற்றினார். போகும்போது என் கணவரிடம் ஒரு துண்டுக் கடதாசியைக் கொடுத்தார். திங்கட்கிழமை கத்த வேண்டிய வசனம் அதில் இருந்தது. இறைவன் பெரியவன் என்று பொருள்படும் அந்த அரபு வார்த்தைகள், தமிழ் எழுத்தில்.

என் கணவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தவக்காலத்தில் எங்கள் கோவிலில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடுகிறவர்களில் அவரும் ஒருவர். செபமாலையில் ஒரு சொல் தவறினாலும் அந்தச் செபத்தைத் திரும்ப முதலிலிருந்து தொடங்குவார். செபத்தைப் பிழையாகச் சொல்வது அவருக்குச் சோற்றில் மண் போடுவது போல. யாருடைய செபமாக இருந்தாலும் அப்படித்தான். அன்று பின்னேரம் அந்தத் துண்டை வைத்துச் சொல்லிப் பார்த்தார், திருப்தி வரவில்லை. தொலைபேசியை எடுத்து நானாவைக் கூப்பிட்டார்.

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கு எல்லாம் கேட்டது. படத்தில் இப்படி ஒரு வசனம் வருகிறது, வள்ளத்தில் துவக்கோடு வருகிறவன் சுடுவதற்கு முன் சொல்வது, பிழையாகச் சொல்லிவிட்டால் உங்களுக்கு மரியாதையில்லை, எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லித் தாருங்கள் என்று விளக்கமாகக் கேட்டார். மறுபக்கத்தில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு நானா சொல்லத் தொடங்கினார். எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எது தொண்டையிலிருந்து வர வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கணவர் திருப்பித் திருப்பிச் சொன்னார். சரியாக வந்ததும், இப்ப சரி தம்பி என்று நானா சொன்னதுகூட எனக்குக் கேட்டது. வரலாறு படிப்பிக்கிற நான் தேங்காயைத் துருவி முடித்தேன்.

ஞாயிறு மத்தியானம் நானா வரவில்லை. மகள் வீட்டில் நேரமாகியிருக்கும் என்று பார்த்தோம். மூன்று மணிக்குக் கணவர் கூப்பிட்டார், தொலைபேசியை எடுக்கவில்லை. சரி, தொடங்குவோம் என்று படத்தைப் போட்டார். பாதிப் படத்தில், இருட்டறை ஒன்றில் தொப்பி போட்ட தாடிக்காரர் நாலு பேர் தொழுதுவிட்டு எழும்பிக் குண்டைக் கட்டுகிற கட்டம் வந்தது. என் கண் தானாகப் பிரம்புக் கதிரைக்குப் போனது. இந்த இடத்தில் நானா தண்ணீர் குடிக்க எழும்புவாரே என்று நினைத்தேன்.

போன கிழமைப் படம், அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது என்று நினைவில் ஓட்டிப் பார்த்தேன். அவர் எழும்பியது எல்லாம் இப்படியான கட்டங்களில்தான். கட்டம் முடிந்து கார் துரத்தல் தொடங்கிய பிறகுதான் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து இருப்பார். திரையில் கவிழ்ந்த மீன் தட்டுக்காக இத்தனை வருடம் சண்டை பிடித்த நான், என் வீட்டு அறையில் எழும்பிப் போன மனிதரைப் பார்க்கவில்லை. சீனி வருத்தம் என்று சொல்லிப் பானையை நிரப்பி வைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

படத்தை நிறுத்தச் சொன்னேன். கணவரிடம் சொன்னேன். நேற்றுத் தொலைபேசியில் அவரிடம் என்ன கேட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள் என்றேன். துண்டுக் கடதாசி சட்டைப்பையில் இருந்தது, அதை எடுத்துப் பார்த்தார், திரும்பவும் வைத்தார்.

“சாக்குக்குள்ள இருந்தவனுக்கும் ஆரோ இப்பிடித்தான் சொல்லியிருப்பினம். ஒண்டும் பெரிசா இல்லை, தலையை மட்டும் ஆட்டு எண்டு,” என்றார். பிறகு, “நான் நானாவுக்குத் தலையாட்டப் பார்த்தன்,” என்றார்.

முப்பது வருடத்தில் அந்த மைதானத்தைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் இரண்டாவது தரம். எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை. சேர்ட்டை மாற்றிக்கொண்டு, வாரும், எருக்கலம்பிட்டிக்குப் போவோம் என்றார். பகை என்றால் ஒரு சண்டையில் தெரிந்துவிடும், தீர்த்துக்கொள்ளலாம். நானா சண்டை பிடிக்கிறவர் இல்லை. மெதுவாக வராமல் விட்டுவிடுகிறவர். இந்த ஞாயிறு போகாவிட்டால் அந்தக் கதிரை இனி வெறுமையாகத்தான் இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

நானா மகள் வீட்டு விறாந்தையில் இருந்தார். மடியில் பேரப்பிள்ளை, பிறந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்காது. எங்களைக் கண்டதும் எழும்ப முடியாமல், வாங்கோ வாங்கோ என்று தலையால் கூப்பிட்டார். மகள் தேத்தண்ணி போட உள்ளே போனாள். தொலைபேசி சத்தமில்லாமல் கிடந்துவிட்டது என்று அவர் காரணம் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். என் கணவர் கதிரை நுனியில் இருந்து, நாளைக்கு நான் படத்துக்குப் போகவில்லை என்று சொன்னார். நானா குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் பிள்ளை பிறந்த அண்டைக்கு இதின்ர காதில நான்தான் அதைச் சொன்னனான்,” என்றார். “முதல் முதல் அதுக்குக் கேட்ட வார்த்தை. நேற்று அதையேதான் உங்களுக்கும் சொல்லித் தந்தன், தம்பி.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நாங்கள் தாங்கியிருப்போம். ஏன் மாட்டேன் என்று சொல்லவில்லை என்று கேட்டேன். மரியாதையாகக் கேட்கிறவருக்கு எப்படி இல்லை என்பது என்றார். அதோடு, எப்படியும் படத்தில் சொல்லத்தான் போகிறார்கள், ஒருக்காலாவது சரியாகச் சொல்லட்டும் என்றும் நினைத்தாராம். அதைச் சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

“நீங்கள் போகாட்டி வேற ஆள் போவான். படம் நிக்காது,” என்றார் நானா.

“தெரியும் நானா. என்ர முகம் அதில இருக்கக் கூடாது,” என்றார் என் கணவர்.

திங்கள் விடிய அவர் கடற்கரைக்குப் போய்க் கொடியை அவிழ்த்துக் கொடுத்தார், தொப்பியையும் துவக்கையும் கொடுத்தார். வான்காரர் ஏசினார். உதவி இயக்குநர் ஏசவில்லை, வசனம் கஷ்டம் என்றால் வாயை மட்டும் அசையுங்கள், குரலைப் பிறகு போட்டுக்கொள்வோம் என்று கெஞ்சிப் பார்த்தார். கணவர் மறுத்துவிட்டார். ஒரு மணித்தியாலத்துக்குள் வேறு ஊர் வள்ளம் ஒன்று வந்துவிட்டது. எங்கள் வள்ளத்தில் ஓலைச் சிலுவையை அவரே திரும்பக் கட்டினார். அடுத்த ஞாயிறு நானா வந்தார். தோழமை கெடாமல் தப்பியது என்று நான் நினைத்தேன். அதற்குப் பிறகு நாங்கள் கொஞ்சக் காலம் உளவுப் படமே பார்க்கவில்லை. சிரிக்க வைக்கும் பகிடிப் படம் பார்த்தோம். கணவர் நித்திரை கொண்டார், நானாதான் கடைசிவரை பார்த்தார்.

போன வருடம் அந்தப் படம் வந்தது. மணல் திட்டைக் காட்டுகிறார்கள், எங்கள் கடலைக் காட்டுகிறார்கள் என்று ஊரே பார்த்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. ஒரு ஞாயிறு நானா தானே பென்ட்ரைவோடு வந்தார். சொந்தக் கடலைப் படத்தில் பார்க்காமல் விடுவதா என்றார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் சரி என்று தலையசைத்தார். தன்னுடைய முகம் அதில் இல்லை என்ற தைரியம் அவருக்கு இருந்தது, எனக்கும் இருந்தது.

கடல் வந்தது. எங்கள் வெயிலை அவர்களும் மஞ்சளாக்கியிருந்தார்கள். ஏதோ ஒரு நாட்டின் பெயர் கீழே எழுத்தில் வந்தது, அப்படி ஒரு நாடு உலகத்தில் இல்லை. கறுப்புக் கொடி கட்டிய வள்ளங்கள் இரண்டு வந்தன. பின்னால் வந்தது வேறு ஊர் வள்ளம். முன்னால் வந்ததன் அணியத்துக்கு ஒருவன் ஓடிவந்தான், வெள்ளைத் தொப்பி, கையில் துவக்கு. வெளிச்சம் பார்ப்பதற்கு என்று சனிக்கிழமை ஓடவிட்டபோது எடுத்து வைத்தது அது. என் கணவர் திரை நிறைய நின்றார். வாயைத் திறந்தார். யாரோ ஒருவனுடைய குரல் அந்த வார்த்தைகளைக் கத்தியது. இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்கவில்லை, எல்லாம் பிழை. பிறகு சுடுபட்டுக் கடலில் விழுந்தார். கதாநாயகன் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் மூன்று நொடி இருக்கும்.

நான் நானாவைப் பார்க்கத் துணியவில்லை. பிரம்புக் கதிரை கிறீச்சிடும் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கிறீச்சிடவில்லை. நானா இருந்த இடத்திலேயே இருந்து, கண்ணை எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர்தான் எழும்பினார். யாரையும் பார்க்காமல் பின் விறாந்தைக்குப் போனார். பானை மூடி எடுக்கிற சத்தம் கேட்டது. கார் துரத்தல் தொடங்கியும் அவர் உள்ளே வரவில்லை.

நானா திரும்பாமலே, கொஞ்சம் உரத்த குரலில் சொன்னார்.

“தம்பி, வரேக்க எனக்கும் ஒரு கிளாஸ் கொண்டு வாங்கோ.”